முழங்கை வலிக்குக் கழுத்தை ஏன் பிடிக்கிறார்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 43. ரொட்டி சானாய் போடுகிறேன். எட்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டென்னிஸ் எல்போ என்றார்கள். இரண்டு தடவை ஸ்டீராய்டு ஊசி போட்டேன். ஒரு மாதம் சுகம், பிறகு முன்னைவிட மோசம். இப்போது போகும் பிசியோ கழுத்தைப் பிடித்துவிடுகிறார். காசு வீணாகிறதோ என்கிறார் மனைவி. கழுத்துதான் காரணமென்றால் முடிவெட்டும் கடையில் சொடக்கு எடுத்துக்கொண்டால் போதாதா?
— வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புக்குள் இரு பக்கமும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஓடுகிறது. தலையைச் சடாரென்று திருப்பியதில் அது உள்ளே கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் மாவு பிசையும் கையே போய்விடும்.

பிசியோ செய்வது வேறு. மல்லாக்கப் படுக்க வைத்து, ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்பு மட்டத்தில் பிடித்து, வலியில்லாத பக்கமாக மெல்ல மெல்ல நகர்த்துவார். சத்தம் வராது. உங்களுக்கு வலிக்கிற இடத்தில் ஒட்டியிருந்து மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கான நரம்பு கழுத்தின் அந்தப் பகுதியிலிருந்தே இறங்குகிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவில் 15 பேருக்கு இதைச் செய்து பார்த்தார்கள்; வலியில்லாமல் இறுக்கிப் பிடிக்கும் வலு அப்போதே கூடியது. ஏமாற்று இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆய்வு பார்த்தது உடனடிப் பலனை மட்டுமே.

ஊசி விஷயத்தில் உங்கள் அனுபவம் பலருடையதுதான். 165 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கும், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் வலி திரும்பி வந்தது. மூன்றாவது ஊசிக்குப் போகாதீர்கள்.

கழுத்தைப் பிடித்ததும் வலி தணியும் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, இடது கை உதவியால் மேலே தூக்கி, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்குங்கள். தசைநாரைத் தேற்றுவது இந்தப் பயிற்சிதான், மாதக்கணக்கில். மாவுப் பாத்திரத்தை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள். ரொட்டி வீசுவதைக் கொஞ்ச நாள் கடைப் பையனிடம் விடுங்கள். மனது கேட்காது, தெரியும்.

விரல் மரத்துப்போனால், கையில் பிடித்தது நழுவினால், உடனே டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை கழுத்தைப் பிடிப்பதற்கு முன்னும் பிடித்த பின்னும் கைப்பிடி வலுவை அளக்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவையாகியும் வித்தியாசம் இல்லையென்றால், கழுத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் பயிற்சிக்கே கேளுங்கள்.