மூடினால் தூங்குகிறது, திறந்தால் எழ மாட்டேன் என்கிறது

கேள்வி: தறிக் கணக்கு எழுத ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். உபுண்டு லினக்ஸ், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க். மூடிவிட்டுச் சாப்பிடப் போய் வந்து திறந்தால் திரை வருகிறது, மவுஸும் நகர்கிறது. ஆனால் எந்த ஃபைலும் திறப்பதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது. கடையில் எஸ்எஸ்டியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுங்களா?
– வாசகர், சோமனூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க. அணைத்துப் போட்டதும் ஒழுங்காக ஓடுகிற எஸ்எஸ்டிக்கு அவசரப்பட்டு எதற்குக் காசு?

மவுஸ் நகர்கிறது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. ஆழ்ந்த தூக்கத்தில் ரேமுக்குக் கரண்ட் இருக்கும், டிஸ்குக்கு இருக்காது. ரேமில் ஏற்கெனவே இருப்பது எழுந்துவிட்டது, டிஸ்க் எழவில்லை. கரண்ட் போய் வந்த தறி தானாக ஓடுமா? ஆள் வந்து அறுந்த இழையைக் கட்டித்தான் ஓட்டணும். இங்கே அந்த ஆள் டிரைவர், அதாவது டிஸ்கை ஓட்டுகிற மென்பொருள். தூங்கப் போகுமுன் புது வேலைகளை நிறுத்தி, கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில் கிடப்பதை டிஸ்கில் எழுத வைக்க வேண்டும். எழும்போது டிஸ்கைப் புதிதாகச் செருகியதுபோல முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். 2005 வாக்கில் சாட்டா என்ற வகை டிஸ்க் உள்ள லேப்டாப்பை லினக்ஸில் தூங்க வைக்க, லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தனி பேட்ச் (திருத்தம்) போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு டிரைவர்கள் எவ்வளவோ தேவலை. தகராறு பெரும்பாலும் பயாஸும் (லேப்டாப் போர்டிலேயே பதிந்த மென்பொருள்) எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரும் (எஸ்எஸ்டிக்குள் பதிந்த மென்பொருள்) ஒத்துப்போகாத இடத்தில்தான்.

மறுபடி பூட் செய்து லாகை, அதாவது நடந்ததை எழுதி வைக்கும் பதிவைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எழுத வேண்டிய டிஸ்கே எழவில்லையே! அதனால் மூடுவதற்கு முன்பே ஒரு டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) கெர்னல் லாகை ஓடவிடுங்கள். அது ரேமில் இருப்பதால் எழுந்த பிறகும் ஓடும். என்விஎம்இ டைம்அவுட், ஐஓ எரர், ரீட்-ஒன்லி என்று வரிகள் வந்தால் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கெர்னலில் பிஎம் டெஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. அதை ‘டிவைசஸ்’ என்று வைத்துத் தூங்கச் சொன்னால், டிரைவர்களை மட்டும் தூங்க வைத்து 5 விநாடியில் எழுப்பிவிடும். இதிலேயே சிக்கினால் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். இது சரியாக நடந்து, நிஜத் தூக்கத்தில் மட்டும் சிக்கினால் பயாஸ் பக்கம் பாருங்கள். முதல் வேலையாக பயாஸையும் எஸ்எஸ்டி ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் ‘எஸ்2ஐடில்’ (லேசான தூக்கம்), ‘டீப்’ (ஆழ்ந்த தூக்கம்) என்று இரண்டு தூக்கமும் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஏபிஎஸ்டி எனும் எஸ்எஸ்டியின் மின்சிக்கன வசதியைக் கெர்னல் பூட் வரியில் அணைத்துப் பார்க்கலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். இத்தனைக்கும் முன்னால் கணக்கை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

பிஎம் டிரேஸ் என்று இன்னொன்றை யாராவது சொல்வார்கள். அதைத் தொடாதீர்கள். எந்த இடத்தில் தொங்கியது என்பதை அது கடிகாரச் சிப்பில் குறித்து வைக்கும், கம்ப்யூட்டரின் தேதி கன்னாபின்னாவென்று மாறிவிடும். கவனிக்காமல் அன்றைக்கு ஜிஎஸ்டி பில் போட்டால் ஆடிட்டருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: லேப்டாப் தூங்கும்போது யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கூடாதுங்க அம்மிணி. கெர்னலைப் பொறுத்தவரை அது இன்னும் மவுன்ட் ஆகித்தான், அதாவது இணைப்பில்தான் இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் செருகி நாலு ஃபைலை மாற்றிவிட்டுத் திரும்பச் செருகினால், பழைய நிலைமை என்று நினைத்து மேலேயே எழுதி ஃபைல் சிஸ்டத்தைக் கெடுத்துவிடலாம். இஜெக்ட் கொடுத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.