லேசர் ஸ்கேனரில் டியூபின் முனை மட்டும் ஏன் சரியாக வருவதில்லை?

ஓசூர் சிப்காட் பக்கம் டியூப் வளைக்கும் பட்டறைகளில் எழும் கேள்வி இது: வளைவுகளைச் சரியாகக் காட்டும் கையடக்க ஸ்கேனர், முனைக்கு வந்ததும் ஏன் ஒவ்வொரு முறையும் வேறொரு நீளம் சொல்கிறது?

முனை என்பது டியூபின் வெட்டிய வாய். ஸ்கேனர் ஒரு லேசர் கோட்டைப் பொருளின் மேல் விழவைத்து, அது விழுந்த இடத்தைக் கேமராவால் வேறொரு கோணத்தில் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. விளிம்பில் பாதி உலோகத்தில் படும், மீதி வெளியே போய்விடும். அதனால் கோட்டின் நடு எது என்பதில் ஸ்கேனர் பிசகுகிறது. கூரான விளிம்பு மழுங்கிப் பதிவாகிறது. இரவில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பாதி சுவரில், பாதி கீழே தெருவில். அதை வைத்துச் சுவர் முடியும் இடத்தைச் சொல்வது கஷ்டம்.

வெட்டும்போது விளிம்பில் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிறை எடுக்காமல் ஸ்கேன் செய்யவே செய்யாதீர்கள், பிசிறைத்தான் அளப்பீர்கள். பளபளப்பான டியூபுக்கு, பளபளப்பைக் குறைக்கும் மேட் ஸ்ப்ரே உதவும்.

முனைக்கு முன்னுள்ள நேரான பகுதியைச் சுற்றிலும் நன்றாக ஸ்கேன் செய்யுங்கள். மென்பொருள் அதில் ஓர் உருளையைப் பொருத்தி நடுக்கோட்டைக் கண்டுபிடிக்கும். பிறகு ஸ்கேனரைச் சற்றுச் சாய்த்து வெட்டு முகத்தை எடுத்து, அதில் ஒரு தளத்தைப் பொருத்துங்கள். நடுக்கோடு அந்தத் தளத்தைத் தொடும் இடமே முனை. டியூபின் சுவர் மிக மெல்லியதென்றால் முகத்தில் புள்ளிகள் போதாது; அளவு தெரிந்த ஒரு செருகியை வாயில் இறுக்கமாக உட்காரவைத்து அதன் முகத்தை ஸ்கேன் செய்யலாம்.

ஸ்கேனரின் துல்லியம் 0.03 மி.மீ. என்று போட்டிருந்தால் முனையும் அதற்குள் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் நல்ல பரப்பை அளப்பதற்கானது, விளிம்புக்கானது அல்ல.