கணக்கு படிக்காமல் இன்ஜினியரிங்: ஃபவுண்டேஷன் இயர் போகலாமா?

ப்ளஸ் டூவில் கணக்கு இல்லாத பயாலஜி குரூப் எடுத்த தங்கை, இங்கிலாந்தில் ஃபவுண்டேஷன் இயர் (டிகிரிக்கு முன் படிக்கும் தயாரிப்பு வருடம்) படித்து மெக்கானிக்கல் சேரலாமா என்று ஏற்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். அந்த வருடம் இருப்பதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். ஆனால் மூன்று வருட டிகிரி நான்காகும். ஒரு வருடக் கட்டணமும் சாப்பாடு, வாடகையும் கூடுதல். பாஸானால் மட்டும் போதாது, டிகிரிக்குள் நுழையக் குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும். அது எவ்வளவு, வராவிட்டால் என்ன வழி என்பதைப் பல்கலைக்கழகத்திடமே மெயிலில் எழுத்தாக வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். நம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்து, வெக்டர், வகையிடல், தொகையிடல் பாடங்களைத் தங்கையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபவுண்டேஷனில் பெரும்பகுதி இதுதான். கூடவே இயக்கவியல், மின்சாரம். உதாரணக் கணக்கைப் பார்க்காமல் பயிற்சிக் கணக்கு நாலு வந்துவிட்டால், அங்கே முதல் டெர்ம் தாங்கும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறாள் என்றால் இப்போதே ட்யூஷன் வையுங்கள். பயாலஜி பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை, அதனால் சொல்கிறேன்!

கையைக் கடித்தால், சேலத்திலேயே பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. நேராக இரண்டாம் வருடம் சேரலாம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் அந்த வழி உண்டு. காலம் கூடும், செலவு பெருமளவு குறையும். கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.