அப்பத்தாவின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு: வெற்றிலைப் பழக்கம் எப்படிப் புற்றுநோயாகிறது?

காரைக்குடியில் இருக்கும் உங்கள் அப்பத்தா பல ஆண்டுகளாக வெற்றிலை பாக்குடன் புகையிலை அடக்குகிறார், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு கன்னத்தில் வந்திருக்கிறது, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சி பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

கன்னத்தின் உட்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்வது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அதன் டிஎன்ஏ, அதாவது மரபுக் குறிப்பு, படியெடுக்கப்படுகிறது. புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அந்தப் படியில் பிழை உண்டாக்கும். பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திவிடும். திருத்த முடியாதபோது பி53 என்ற புரதம் அந்தச் செல் பிரிவதை நிறுத்தும், அல்லது அதைச் சாகச் செய்யும். பி53-ஐ உருவாக்கும் மரபணுவே பழுதானால் காவல் போயிற்று. பிழைகள் மேலும் குவியும். ஒரு பிழை போதாது, பல சேர வேண்டும். அதனால்தான் ஆண்டுகள் பிடிக்கிறது. செல்கள் உட்தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய அடிச்சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும்போதுதான் அது புற்றுநோய். பிறகு கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவலாம்.

"புகையிலையை விட்டாச்சு, பாக்கு மட்டும்தான்" என்பது நம் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு. பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும். அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தை நார்போல இறுக்கும். வாயில் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைக்க முடியாவிட்டால் கவனியுங்கள்.

திட்டில் சிவப்பு கலந்தாலோ, புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, தடிப்புத் தட்டுப்பட்டாலோ உடனே பல் மருத்துவரிடமோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். வலி இல்லையென்று காத்திருக்காதீர்கள்; தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.