18 வயசுப் பையனை என்எச்எல்லில் இறக்கலாமா? (கேள்வி பதில்)

ஐஸ் ஹாக்கி பற்றி எதையும் கேளுங்கள் என்றேன், பாதிப் பேர் இதையேதான் கேட்டிருக்கிறீர்கள். என்எச்எல் என்பது வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்; அதன் அணிகள் இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். சரி, வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி: டிராஃப்டில் முன்வரிசையில் எடுத்த பையனை ஏன் காக்க வைக்க வேண்டும்? கிராஸ்பி 18 வயதிலேயே ஆடவில்லையா?

ஆடினார், முதல் சீசனிலேயே 102 புள்ளிகள் எடுத்தார் (கோல் அடித்தாலும் கோலுக்கு பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி). அவரை வைத்து மற்றவர்களை அளந்தால் யாருமே தேறமாட்டார்கள். 1997 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜோ தார்ன்டன் பாஸ்டனுக்காக முதல் சீசனில் 55 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 7 புள்ளி, அதே ஆள் 2006-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் டிராஃபி வாங்கினார். நான் வயதை விட நிமிடங்களைத்தான் பார்ப்பேன். குறைவாகவே களமிறங்கும் நாலாவது வரிசையில் எட்டு ஒன்பது நிமிடம், பவர்பிளே (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) கிடையாது, பக் (ஆடும் ரப்பர் வட்டு) கைக்கு வந்தால் பயத்தில் உடனே தட்டிவிடுவது என்று ஒரு சீசன் முழுக்க ஆடுகிற பையன், பதின்ம வயதினர் ஆடும் ஜூனியர் லீக்கில் இருந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடி ஆட்டத்தையே கையில் வைத்திருப்பான்.

கேள்வி: அந்த 9 ஆட்டக் கணக்கு என்ன?

18, 19 வயதில் கையெழுத்திடும் மூன்று வருட முதல் ஒப்பந்தத்தில், அந்த சீசனில் 10 என்எச்எல் ஆட்டங்களுக்குக் கீழே ஆடினால் அந்த வருடம் கணக்கில் வராது, ஒப்பந்தம் தள்ளிப்போகும். அதனால்தான் ஒன்பதாவது ஆட்டத்தோடு நிறைய பேர் ஜூனியருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இது சம்பளக் கணக்கு, பையன் தயாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: நடுவில் ஏஎச்எல் (என்எச்எல்லுக்கு அடுத்த நிலைத் தொழில்முறை லீக்) இருக்கிறதே, அங்கே அனுப்பலாமே?

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் கனடா ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுத்த பையனுக்கு 20 வயது ஆகும்வரை என்எச்எல், இல்லையென்றால் பழைய ஜூனியர் அணி, இந்த இரண்டுதான் என்று பல வருடமாக விதி (19 வயதுக்காரர்களுக்குத் தளர்த்தும் பேச்சு என்எச்எல்லும் வீரர் சங்கமும் செய்த 2025 ஒப்பந்தத்தோடு வந்தது). ஐரோப்பியப் பையன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டெட்ராய்ட் 2019-ல் ஆறாவதாக எடுத்த மோரிட்ஸ் சைடர் ஒரு வருடம் ஏஎச்எல், அடுத்த வருடம் ஸ்வீடன் என்று ஆடிவிட்டு மேலே வந்தார், வந்த சீசனிலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபி.

கேள்வி: கீழே அனுப்பினால் மனசு உடைந்துவிடாதா?

லியான் டிரைசைட்டலைப் பாருங்கள். எட்மன்டனில் 37 ஆட்டம், 9 புள்ளி, ஜனவரியில் கெலோனா ஜூனியர் அணிக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் மெமோரியல் கோப்பையின் (கனடா ஜூனியர் அணிகளின் சாம்பியன் போட்டி) சிறந்த வீரர் அவர்தான். அடுத்த சீசனையும் ஏஎச்எல்லில்தான் தொடங்கினார். 2020-ல் ஹார்ட், ஆர்ட் ராஸ் (அதிகப் புள்ளி எடுத்தவருக்கான விருது) இரண்டும் வாங்கினார். அதே அணி 2016-ல் நாலாவதாக எடுத்த புல்யுயார்வியை 18 வயதிலேயே மேலே வைத்தது, கீழே அனுப்பியது, திரும்பக் கூப்பிட்டது, கடைசியில் 2019-ல் அவர் பின்லாந்துக்கே போய்விட்டார். அவசரம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அவருக்கு உதவவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: கோல்கீப்பர்?

இன்னும் பொறுமை வேண்டும். ஹெலபக் கல்லூரி, ஏஎச்எல் எல்லாம் முடித்து வின்னிபெக்குக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 22.

கேள்வி: தயார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பக் இல்லாதபோது எங்கே நிற்கிறான், பலகையோரம் பெரிய ஆள் அழுத்தினால் பக்கைக் காப்பாற்றுகிறானா, அடுத்தடுத்த நாள் ஆட்டத்தில் கால் ஓடுகிறதா. அப்புறம், அவன் தப்பு செய்தாலும் கோச் அடுத்த ஷிஃப்ட்டில் இறக்குவாரா. கடைசிக் கேள்வி அணிக்கானது, அதற்கு 'இல்லை' என்றால் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நான் அனுப்பமாட்டேன்.

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகனுக்கு 14 வயது, அடுத்த வருடமே ஓஎச்எல்லில் (ஒண்டாரியோ ஜூனியர் லீக்) ஆட விதிவிலக்கு வாங்கலாமா?

ஓஎச்எல்லில் வழக்கமாக 16 வயதில்தான் சேர முடியும். 15 வயதிலேயே ஆட அந்த விதிவிலக்கு முதலில் கிடைத்தது டவாரஸுக்கு, பிறகு மெக்டேவிட் போன்ற சிலருக்கு. ஷான் டேவுக்கும் கிடைத்தது, அவர் டிராஃப்டில் மூன்றாவது சுற்றில்தான் போனார். உங்கள் மகன் இப்போதைய அணியில் எத்தனை நிமிடம் ஆடுகிறான், பவர்பிளேயில் இருக்கிறானா என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.