டொராண்டோவுக்கு வடச்சட்டி கட்டிட்டு வரலாமா?

தம்பி, சேலம் அம்மாபேட்டையில இருந்து டொராண்டோ கிளம்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. குளிருக்கு என்ன எடுத்துட்டு வர்றது, பேங்க் கணக்கை எப்ப தொறக்குறது, அம்மா எடுத்து வெச்சிருக்கிற இரும்பு வடச்சட்டியைப் பெட்டியில வைக்கலாமா. கோட்டு இங்க வந்து வாங்கிக்கோங்க, ஏற்காட்டுக் குளிரை வெச்சு இங்கத்த ஜனவரியைக் கணக்குப் போடாதீங்க. பேங்க் வேலை வந்த வாரத்துலயே முடிஞ்சிடும். வடச்சட்டியைப் பத்தித்தான் நிறைய சொல்லணும். நான் வந்தப்ப இதைச் சொல்ல ஆளில்லை.

அந்தச் சட்டி ஊர்லயே இருக்கட்டும். அதுக்கு அடி உருண்டை. நம்ம ஊர் கேஸ் அடுப்புல தீ மேல ஏறி, சட்டியோட வயித்தைச் சுத்தி நக்கும், அதனால ஓரம் வரைக்கும் சூடாகும். இங்க அபார்ட்மென்ட்லயும் பேஸ்மென்ட்லயும் பெரும்பாலும் கரண்ட் அடுப்பு, ஒண்ணு சுருள், இல்லைன்னா கண்ணாடி மேல்தட்டு. உருண்டை அடி அதுல ஒரு ரூபா காசு அகலத்துக்குத்தான் தொடும். நடுவுல கடுகு கருகும், ஓரத்துல வெங்காயம் பச்சையா நிக்கும். சட்டிக்கு அடியில வளையம் வெச்சா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க. வளையம் சட்டியை இன்னும் மேல தூக்கும், சூடு இன்னும் குறையும். அதோட வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஏர்போர்ட்ல பெட்டியை வீசுற வேகத்துக்குச் சட்டியோட காது தெறிச்சுடும். 23 கிலோவுல 3 கிலோவை அதுக்குக் குடுத்துட்டு, உடைஞ்ச சட்டியை எடுக்கிறது பெரிய வேதனை. இண்டாலியம் வாணலி எடை குறைச்சல்தான், ஆனா இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிற வீடு கிடைச்சா அது சூடே ஆகாது.

இங்க வந்து சைனாக்காரங்க கடையில தட்டை அடி கார்பன் ஸ்டீல் வோக் வாங்குங்க, அதுதான் அவங்க வடச்சட்டி. ஒரு ஆளுக்கு 12 அங்குலம், மூணு நாலு பேர் சேர்ந்து சமைக்கிற வீட்டுக்கு 14. அதுக்கு மேல வேண்டாம், பெரிய சுருளே 8 அங்குலம்தான். கனம் 1.5ல இருந்து 2 மில்லிமீட்டர். அதைவிட மெல்லிசா இருந்தா சூட்டுல அடி நெளியும், அப்புறம் கண்ணாடி அடுப்புல பம்பரமாட்டம் சுத்தும். கடையிலயே போனோட ஓரத்தை அடியில வெச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வேற எடுங்க. ஒரு பக்கம் நீளக் கைப்பிடி, எதிர்ப்பக்கம் சின்ன காது இருக்கணும். மரப்பிடின்னா திருகு கழட்டுற மாதிரி இருக்கட்டும். வழவழன்னு மைக்கருப்பா இருக்கிறது பெரும்பாலும் நான்ஸ்டிக், தொடாதீங்க. அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல கெட ஆரம்பிக்கும், வெறும் சட்டியை முழுச் சூட்டுல வெச்சா சில நிமிஷத்துல அதைத் தாண்டிடும். உங்களுக்கு வேண்டியது சாம்பல் நிறத்துல, தொட்டா பிசுக்குன்னு ஒட்டுற வெறும் இரும்பு.

அந்தப் பிசுக்கு துருப் பிடிக்காம இருக்கத் தடவின எண்ணெய், தின்கிற எண்ணெய் இல்லை. சுடுதண்ணி, சோப்பு, இரும்பு நார் போட்டு உள்ளயும் வெளியயும் தேய்ங்க, வெள்ளைத் துணியில துடைச்சாக் கருப்பு ஒட்டாத வரைக்கும். உடனே அடுப்புல வெச்சு ஈரத்தைப் போக்கணும், பத்து நிமிஷம் விட்டாலே செம்மண் கலர்ல துரு பூக்கும்.

அப்புறம் பழக்கணும். தோசைக்கல்லைப் பழக்கத் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு இது புதுசில்லை. ஊர்ல புதுக் கல்லை வடிகஞ்சியில ரெண்டு மூணு நாள் ஊறப்போட்டு, வெங்காயத்தைப் பாதியா வெட்டி எண்ணெய் தொட்டுத் தேய்ப்போம். புளிச்ச கஞ்சி மேல்துருவைக் கழட்டும், எண்ணெய் சூட்டுல இறுகி மேல ஒரு தோல் ஆகும். வோக்குக்கும் அதே கணக்குதான். பிடியைக் கழட்டிட்டு, ஒரு ஸ்பூன் கனோலா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ எடுத்து முழுக்கத் தடவி, வேற துணியால துடைச்சு எடுங்க, எண்ணெயே இல்லையோன்னு தோணுற வரைக்கும். இந்த இடத்துலதான் முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றாங்க. எண்ணெய் கூடிப் போனா இறுகாம, பலாப்பிசின் மாதிரி திட்டுத்திட்டா ஒட்டும். கேக் சுடுற அவன்ல (oven) கவுத்து வெச்சு, 450 ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம், உள்ளயே ஆற விடுங்க. இதே மாதிரி மூணு தடவை. தேங்காய் எண்ணெய் இதுக்கு ஆகாது, அது இறுகவே இறுகாது.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. இந்த வேலையில புகை வரும், புகை அலாரம் அடிக்கும். நம்ம ஆளுங்களே சிலர் அலாரத்துல பிளாஸ்டிக் கவர் மாட்டச் சொல்லிக் குடுக்கிறாங்க, பேட்டரியை எடுக்கச் சொல்றாங்க. செய்யாதீங்க. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல அது சட்டப்படி குற்றம். பேஸ்மென்ட்ல தூங்குற ஆளுக்கு உயிரே அதுதான். அடுப்பு மேல இருக்கிற புகைக்கூண்டு நிறைய வீட்டுல புகையை வெளிய தள்றதில்லை, வடிகட்டி மறுபடி முகத்துக்கே விடும். அதனால ஜன்னலைத் திறந்து, அதுல ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வெச்சு, பகல்ல பண்ணுங்க. எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக்கூடாது. அடுப்பை அணைச்சு மூடி போட்டு மூடுங்க. இதுக்காகவே வோக் வாங்கும்போதே மூடியும் சேர்த்து வாங்கிடுங்க.

சமைக்கிறப்ப, ஹோட்டல் அடுப்போட சூடு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்குங்கிறதை மறக்காதீங்க. அரைக் கிலோ பீன்ஸை ஒரே தடவையா கொட்டினா சட்டி ஆறி, தண்ணி விட்டு, பொரியல் வேக வெச்ச காயா ஆயிடும். கால் கிலோ கால் கிலோவா போடுங்க. வெறும் சட்டியை நடுத்தரச் சூட்டுல ரெண்டு மூணு நிமிஷம் விட்டு, ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சா முத்தா உருண்டு ஓடணும், அப்ப எண்ணெய் ஊத்துங்க. சட்டி மெல்லிசு, கடுகு கண் மூடித் திறக்குறதுக்குள்ள வெடிச்சிடும், அதனால கறிவேப்பிலையைக் கையிலயே வெச்சுக்கோங்க. சுருளை அணைச்சாலும் சூடு உடனே இறங்காது. ரெண்டு சுருளை ஏத்தி வையுங்க, ஒண்ணோட திருகு 8ல, இன்னொண்ணோடது 3ல. சூடு மாத்தணும்னா திருகைத் தொட வேண்டாம், சட்டியைத் தூக்கி நகர்த்துங்க. இதைப் பழகினவங்களுக்கு கேஸ் இல்லையேன்னு குறை வராது.

புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு மூணும் வோக்ல வைக்காதீங்க. புளிப்பு அந்தத் தோலைத் தின்னுடும், குழம்பும் கருத்து இரும்பு வாடை அடிக்கும். அதுக்கு எவர்சில்வர் பாத்திரம் ஒண்ணு போதும். அது கிடைக்காத ஊரா சேலம், பெட்டியில அதுக்கு இடம் குடுங்க.

சமைச்சதும் சூடு இருக்கும்போதே சுடுதண்ணி, பிரஷ். துளி சோப்பு போட்டா ஒண்ணும் ஆகாது. ராத்திரி ஊறப் போடுறதும், டிஷ்வாஷர்ல வைக்கிறதும்தான் ஆகாது. அடுப்புல காய வெச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் தடவிடுங்க. கூட இருக்கிறவங்க யாராவது ஊறப் போட்டுத் துரு ஏறிட்டா, தூக்கிப் போடாதீங்க. கல்லுப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்ச்சு, திரும்ப ஒரு தடவை அவன்ல வெச்சா பழையபடி வந்துடும். துருப்பிடிச்ச நல்ல சட்டிங்களைக் குப்பையில பார்க்கிறப்ப எனக்கு மனசு ஆறாது. கஞ்சமலையில இரும்புக்கல்லு கிடக்கிற ஊர்க்காரங்க நாம.

டொராண்டோவுல ஸ்கார்பரோ பக்கம் தமிழ்க் கடையில வடச்சட்டின்னு கேட்டா புரியாமப் போகலாம். யாழ்ப்பாணத்து மக்கள் தாச்சின்னுதான் சொல்வாங்க, அப்படிக் கேளுங்க. அடுப்பைப் பத்தி அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க, நமக்கு முன்னாடி வந்து இந்தச் சுருள் அடுப்புலயே புட்டும் கறியும் ஆக்கிக் குடும்பத்தை நிமிர்த்தினவங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி கடைவீதிப் பக்கம் போனா இரும்புத் தோசைக் கரண்டி ஒண்ணு வாங்கிக்கோங்க, முனை சதுரமா இல்லாம லேசா வளைஞ்சதா. சதுர முனை வோக்கோட வளைவுல உக்காராது, ரெண்டு மூலையும் பழக்கின தோலைக் கீறிடும்.