ஸ்டெப்னி பதில்கள்: ஒரு மாதம் மூவாயிரம், அடுத்த மாதம் அறுபதாயிரம்

இருபத்திரண்டு வருடம் சொந்த லாரி ஓட்டினேன். இப்போது மாதவரத்தில் நண்பரின் பட்டறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே அடுத்தவர் வண்டியைக் குறை சொல்வதுதான் வேலை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு பற்றித்தான்.

என் வீட்டுக்காரர் சொந்தமாகப் பத்து வீல் லாரி ஓட்டுகிறார். ஒன்பது வருடப் பழைய வண்டி. வரவு செலவு எழுதுவது நான். ரிப்பேருக்கு ஒரு மாதம் 3,000 ரூபாய் ஆகிறது, அடுத்த மாதம் 60,000. இதற்கு நடுவில் ஃபைனான்ஸ் டியூ, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ். இந்தச் செலவை முன்கூட்டியே கணக்குப் போட வழி இருக்கிறதா, அண்ணா?
ஒரு வாசகி, மணலி

இருக்கிறது, தங்கச்சி. நீங்கள் 3,000 என்று எழுதிய மாதத்தில்தான் கணக்கு தப்பியிருக்கிறது. அந்த மாதமும் வண்டி ஓடியது. டயர் தேய்ந்தது, பிரேக் லைனர் தேய்ந்தது, கிளட்ச் தேய்ந்தது. பில் மட்டும் பிறகு வந்தது. அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டுக் கிலோமீட்டர் கணக்குக்கு மாறுங்கள்.

டயரை எடுத்துக்கொள்வோம். ஒரு ரேடியல் டயர் 22,000 ரூபாய் என்று வைத்தால் பத்து டயருக்கு 2,20,000. அந்த செட் 80,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 75 காசை டயரே தின்கிறது. ஆயில், ஃபில்டர், லைனர், கிளட்ச், பட்டை (லோடைத் தாங்கும் ஸ்பிரிங்), பேட்டரி, கிரீஸ், பஞ்சர் எல்லாம் சேர்த்து இந்த வயசு வண்டிக்கு நான் 1 ரூபாய் 75 காசு போடுவேன். ஆக மொத்தம் 4 ரூபாய் 50 காசு. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் 27,000. உங்கள் வண்டியின் டயர் விலையும் ஓட்டமும் வேறாக இருக்கும், அதற்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் டயருக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பழைய பில்லைப் பார்த்து விலை போட வேண்டாம்.

ட்ரிப் முடிந்து அவர் வந்ததும் முதலில் மீட்டர் ரீடிங்கைக் கேளுங்கள், சாப்பாடு அப்புறம். (சும்மா சொன்னேன், சாப்பாடு முதலில்.) ஓடிய கிலோமீட்டரை நாலரையால் பெருக்கி, அந்தத் தொகையை அன்றைக்கே தனி பேங்க் கணக்கில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த பாஸ்புக்குக்கு என் மனைவி வைத்த பெயர் 'லாரி சோறு'. அதில் கைவைத்துக் கல்யாணத்துக்கு மொய் எழுதப் போய் நான் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) செலவு இதில் சேராது. எட்டு வருடம் தாண்டிவிட்டதால் உங்கள் வண்டிக்கு அது வருடா வருடம் வரும். டிங்கரிங், பெயிண்ட், லைட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் தேதி தெரிந்த செலவுதானே? போன தடவை ஆனதைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். அந்த ஒரு வாரம் வாடகை வராது, அதையும் சேர்த்து வகுங்கள்.

பில்லைக் கம்பியில் குத்தி வைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய ரீடிங்கை எழுதுங்கள். ஜாயிண்ட் கிராஸை (பின் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் ஷாஃப்டின் இணைப்பு) ஆறு மாதத்தில் மூன்று முறை மாற்றிவிட்டு, மட்டமான சாமான் போட்டதாக நான் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று முறை என்பதையே நோட்டைப் பார்த்து என் மனைவிதான் சொன்னாள். படுத்துப் பார்த்தால் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பர் போயிருந்தது. ஷாஃப்ட் ஆடி ஆடி கிராஸைத் தின்றிருக்கிறது.

பில்லில் வராத செலவு ஒன்றும் உண்டு. 2009-ல் விஜயவாடாவுக்கு ஒரு லோடு. கிளம்பும்போதே ரேடியேட்டர் ஹோஸ் ஓரிடத்தில் உப்பியிருந்தது. 400 ரூபாய் சாமான். 'வந்து பார்த்துக்கலாம்' என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். நாயுடுபேட்டை தாண்டியதும் ஹோஸ் வெடித்தது. கிளீனரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் டெம்பரேச்சர் முள் ஏறியதை நான் பார்க்கவில்லை. இன்ஜின் கேஸ்கட் போய், ஹெட் வளைந்து, ஒன்பது நாள் அங்கேயே கிடந்தேன். பட்டறை பில் 31,000. கைவிட்டுப் போன இரண்டு ட்ரிப், சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிய கூலி, ஓடாத வண்டிக்குக் கட்டிய டியூ எல்லாவற்றையும் கூட்டினால் அது பில்லைவிடப் பெரிய தொகை. அதற்குப் பிறகு பத்து நிமிஷம் வண்டியைச் சுற்றி வராமல் நான் சாவி போட்டதில்லை. ஹோஸ், பெல்ட், வீல் நட், டயர் காற்று, அடியில் ஆயில் சொட்டு எல்லாம் பார்ப்பேன். ஏர் டேங்க்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவேன். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்தத் தண்ணீர் தேங்கினால் பிரேக் வால்வில்தான் போய்க் கைவைக்கும். வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை.

பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டிரெய்லர் வைத்திருக்கிறேன். எண்ணூர் துறைமுகம், மணலி யார்டு என்று கன்டெய்னர் லோக்கல் ஓட்டம் மட்டும்தான். சைலன்சர் ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிகிறது. போகும்போதெல்லாம் சர்வீஸ் சென்டரில் பில் போடுகிறார்கள். வண்டியே கோளாறா?
ஒரு வாசகர், திருவொற்றியூர்

உங்கள் ஓட்டம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அந்த ஃபில்டர் கரியைப் பிடித்து வைத்து, புகை நன்றாகச் சூடேறும்போது தானே எரித்துக்கொள்ளும். பெங்களூர், விஜயவாடா என்று ஓடும் வண்டியில் நடப்பதே தெரியாமல் இது நடந்துவிடும். துறைமுக கேட் வரிசையில் நாலு மணி நேரம் ஐட்லிங்கில் நின்று, அரை கிலோமீட்டர் நகர்ந்து, மறுபடி நிற்கும் வண்டியில் கரி சேரும், சூடு வராது. வரிசையில் நகரவில்லை என்றால் இன்ஜினை நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு லோடாவது மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள், முக்கால் மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். விளக்கு எரிந்த உடனே, புத்தகத்தில் சொன்னபடி சுவிட்சைப் போட்டு நின்ற இடத்திலேயே கரியை எரிய விடுங்கள். கீழே காய்ந்த புல் இருக்கும் இடத்தில் செய்யாதீர்கள், பயங்கரச் சூடு. வண்டிக்குச் சொன்ன கிரேடு ஆயிலைத்தான் ஊற்றுகிறார்களா என்றும் பாருங்கள், தப்பான ஆயிலின் சாம்பல் ஃபில்டரிலேயே தங்கிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் விளக்கு எரிந்தால் இன்ஜெக்டர், டர்போ இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபில்டரை வெட்டி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்-ப்ளூ ரோட்டோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஊற்றலாமா?
ஒரு வாசகர், செங்குன்றம்

வேண்டாம். அதில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். பாதி விலைக்காரர் உர மூட்டையைக் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தால்? நம் நாட்டில் உர யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். பயிருக்கு அது நல்லது. புகையைச் சுத்தம் செய்யும் உங்கள் கேட்டலிஸ்ட்டுக்கு அந்த எண்ணெயும் சேராது, குழாய்த் தண்ணீரின் உப்பும் சேராது. 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் செலவாகிற சாமான் இது. அதில் மிச்சம் பிடித்து லட்சக்கணக்கில் இழக்காதீர்கள்.

ரீட்ரெட் டயரை (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) முன்னால் போடலாமா?
ஒரு வாசகர், பூந்தமல்லி

போடாதீர்கள். பின்னால் ஜோடியில் ஒன்று போனாலும் பக்கத்து டயர் தாங்கும். முன்னால் போனால் ஸ்டியரிங்கே கையில் நிற்காது. புதுசை முன்னால் ஓட்டி, தேயத் தேயப் பின்னால் மாற்றுங்கள். பட்டன் (டயரின் மேல் வெட்டின் ஆழம்) 1.6 மில்லிமீட்டர்தான் என்கிற சட்ட எல்லைக்கு வரும்வரை காத்திருந்தால் ரீட்ரெட் பண்ண டயர் மிஞ்சாது, அதற்கு முன்பே கழற்றுங்கள். ஜோடி சேர்க்கும்போது இரண்டும் ஒரே உயரமா என்று பாருங்கள். உயரமான டயர்தான் அத்தனை லோடையும் சுமக்கும்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கினால் தப்பா?
ஒரு வாசகர், பெரம்பூர்

கண்ணாடி, பம்பர், கேபின் கதவு, டூல் பாக்ஸ் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். பிரேக், ஸ்டியரிங், பேரிங் மூன்றும் புதுசுதான். ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி விலை கேளுங்கள், பில்லோடு வாங்குங்கள்.

சரக்குக்காரப் பார்ட்டி 5 டன் கூடுதலாக ஏற்றச் சொல்கிறார். வாடகையும் கூடத் தருகிறார்.
ஒரு வாசகர், மாதவரம்

பிடிபட்டால் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. உங்கள் 5 டன்னுக்கு 30,000, சரக்கையும் இறக்கச் சொல்வார்கள். 2018-ல் பத்து வீல் வண்டிக்கு மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியபோதே பட்டைக்கும் டயருக்கும் வேலை கூடிவிட்டது. பிடிபடாவிட்டாலும் மெயின் பட்டை ஒடிந்தால் பார்ட்டி வந்து மாற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் மழையில் முட்டிக்கு மேல் தண்ணீரில் வண்டியை விட்டு எடுத்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா?
ஒரு வாசகர், புழல்

இன்றைக்கே பாருங்கள். பின் அச்சில் கியர் இருக்கும் கிரவுன் டப்பாவில் மூச்சு விடும் துவாரம் ஒன்று இருக்கும். ஓடிச் சூடான டப்பா தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கீழே உள்ள நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சொட்டும் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் காபி மாதிரி இருந்தால் முழுவதையும் இறக்கிப் புதுசு ஊற்றுங்கள். கியர் பாக்ஸிலும் இதே சோதனைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் பட்டறைக்கு வந்த வண்டிகளில் இந்தக் காபியைத்தான் வாளி வாளியாகப் பிடித்தோம். வீல் ஹப்பையும் கழற்றி, கிரீஸ் வெளுத்திருந்தால் துடைத்துவிட்டுப் புதுசு வையுங்கள்.